பருந்து படம் ஏன் சொதப்புது: கொரங்காட்டு ரோட்டோரத்துல ஒவ்வொண்ணா பாக்கலாம்

காங்கயத்துல இருந்து தாராபுரம் போற ரோடு தெரியும்ல, ஊதியூர் மலை பக்கத்துல தெரியற ரோடு, ரெண்டு பக்கமும் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சக் காடு, கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவுல வெள்வேல மரம். அந்த மரத்து மேலயோ கரண்ட் கம்பி மேலயோ ஏதாவது ஒரு பருந்து ஒக்காந்திருக்கும், மார்கழி தை மாசம் போனா பூனைப்பருந்தும் தாழப் பறந்துக்கிட்டு திரியும். காட்டுக்குள்ள போக வேணாம், பர்மிஷன் வேணாம், காருக்குள்ள இருந்தே எடுத்துடலாம். ஆனா வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா நானூறு படத்துல நாலு தேறாது.

படம் சரியா வரலன்னா எல்லாரும் நேரா கேமரா மெனுவுக்குள்ள போய் நோண்ட ஆரம்பிச்சுடறாங்க. நான் சொல்றது அப்படியே தலைகீழ். முதல்ல வண்டி எங்க எப்படி நின்னுச்சுன்னு யோசிங்க, அப்புறம் உங்களுக்கும் பறவைக்கும் நடுவுல இருக்கற காத்து, கேமரா கடைசி. கீழ இருக்கறதுல உங்க பிரச்சனை எதுவோ அதுக்கு மட்டும் போங்க, எல்லாத்தையும் வரிசையா படிக்கணும்னு இல்ல.

வண்டி நின்னதும் பறந்துடுது

இதுதான் பாதி பேரோட பிரச்சனை. ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, அந்தக் கம்பிக்குக் கீழ நாள் பூரா லாரியும் பஸ்ஸும் போகுது, ஏர் ஹாரன் அடிக்குது, அது அசையறதே இல்ல. அப்போ வண்டி அதுக்குப் பயம் இல்ல. எப்பவும் போற வண்டி திடீர்னு வேகம் கொறைஞ்சு நேரா அதுக்குக் கீழ வந்து நிக்குதே, அதுதான் பயம். அதனால பறவையப் பாத்ததும் பிரேக் போடாதீங்க. அதே வேகத்துல தாண்டிப் போயிடுங்க, போகும்போதே என்ன பறவை, எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருக்கு, வண்டி ஒதுக்க மண்ணு இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, கண்ணாடி இறக்கி, கேமரா ஆன் பண்ணி, செட்டிங் எல்லாம் முடிச்சுட்டு, அப்புறம் திரும்பி வாங்க. பறவைக்கு முன்னாடி வந்து நின்னதுக்கு அப்புறம் பவர் விண்டோ சத்தம் கேக்கக்கூடாது.

திரும்பி வரும்போது ஒரு நாப்பது அம்பது மீட்டர் முன்னாடியே ஒருதடவை நிறுத்தி நாலு படம் எடுத்துடுங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க. பறவை என்ன பண்ணுதுன்னு பாத்துக்கிட்டே இருங்க: ஒத்தைக் கால மடக்கி, இறகெல்லாம் உப்பலா விட்டு, கோதிக்கிட்டு இருந்தா அது ஜாலியா இருக்கு. இறகெல்லாம் உடம்போட ஒட்டி ஒல்லியாகி நிமிந்து உங்களையே பாத்தா, இன்னும் ரெண்டு மீட்டர் போனா பறந்துடும், அங்கயே நின்னுக்கங்க. என்ஜின வண்டி முழுசா நின்னப்புறம் ஆஃப் பண்ணுங்க. ஓடும்போதே ஆஃப் பண்ணி சத்தமில்லாம உருட்டிக்கிட்டு வரேன்னு சிலர் சொல்றாங்க, அது வேணாம், ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிடும், பின்னாடி மணல் லாரி வந்துக்கிட்டு இருக்கும்.

கதவத் திறக்காதீங்க. சத்தியமா திறக்காதீங்க. காருக்குள்ள இருக்கற ஆள அது பெருசா கண்டுக்காது, ஒரு கால் தரையில பட்டா மனுசன்னு தெரிஞ்சுடும். எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிய ஏத்தியே வைங்க, ரெண்டு பக்கமும் திறந்திருந்தா வெளிச்சம் உள்ள புகுந்து உங்க தலையும் கையும் நிழலா ஆடறது அதுக்கு நல்லாத் தெரியும். (இதுக்கு நேர் எதிரா ஒண்ணு கீழ சொல்லுவேன், வெயில் ஏறுனப்புறம் எது முக்கியம்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.) டூவீலர்ல போறவங்களுக்கு இந்த வசதி இல்ல, அவங்க தூரத்துலயே வண்டிய ஓரங்கட்டி, வண்டி பக்கத்துலயே குத்தவச்சு ஒக்காந்து எடுக்கறதுதான் நல்லது, நடந்து கிட்டப் போனா கதை முடிஞ்சுது.

எல்லா படமும் மெழுகின மாதிரி இருக்கு, எங்கயும் ஷார்ப் இல்ல

இதுல நான் பட்ட பாடு இருக்கே. ஷட்டர் வேகம் நொடில 2000-ல ஒண்ணு, பறவை சும்மா ஒக்காந்திருக்கு, போகஸ் பாயிண்ட் கண்ணு மேலதான் இருக்கு, ஆனா படம் தண்ணிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி. லென்ஸ்தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி சர்வீஸுக்கு அனுப்புனேன். மூணு வாரம் கழிச்சு, ஒண்ணும் கோளாறு இல்லன்னு ஒரு சீட்டோட திரும்பி வந்துச்சு, கூரியர் காசும் போச்சு, அந்த மூணு வாரத்துல சீசனும் பாதி போச்சு. கோளாறு என் வண்டி ஏசில இருந்துச்சு.

நடக்கறது இதுதான். சூடான காத்தும் குளுந்த காத்தும் கலக்கற இடத்துல வெளிச்சம் வளைஞ்சு நெளிஞ்சு வரும், தார் ரோட்டுல கானல் நீர் தெரியறது எப்படியோ அப்படி. ஏசி போட்டுக்கிட்டே வந்து கண்ணாடிய இறக்குனா, உள்ள இருக்கற குளுந்த காத்து உங்க லென்ஸ் வாயிலயே வெளிக்காத்தோட கலக்குது. சாதா லென்ஸ்ல தெரியாது, 500, 600 எம்எம்ல நல்லாத் தெரியும். அதனால பருந்து இருக்கற ஏரியாவுக்கு வர்றதுக்குப் பத்து நிமிசம் முன்னாடியே ஏசி ஆஃப், நாலு கண்ணாடியும் இறக்கி உள்ள இருக்கற காத்தும் வெளிக்காத்தும் ஒண்ணாகற வரைக்கும் ஓட்டுங்க, அப்புறம் வேணும்னா எதிர்ப்பக்கத்த ஏத்திக்கலாம். வேர்க்கும், வேற வழி இல்ல.

ஏசி இல்லாமயும் இதே பிரச்சனை வரும்: பானட்டுக்கு மேலயா எடுத்தா என்ஜின் சூடு, ரோட்டுக்குக் குறுக்கா எடுத்தா தார் சூடு, உழுதுபோட்ட காட்டுக்கு மேலயா எடுத்தா மண்ணு சூடு. காலைல ஒம்பது ஒம்பதரைக்கு மேல நூறு மீட்டர்ல இருக்கற பறவைய எந்த லென்ஸாலயும் ஷார்ப்பா எடுக்க முடியாது, லட்ச ரூவா லென்ஸும் இதுல தோத்துப்போகும். ஷட்டர ஏத்தறதால தீராது, பல படத்த அடுக்கி ஒண்ணாக்கற ஸ்டேக் போட்டும் தீராது. கிட்டப் போகணும், இல்லன்னா நாளைக்குக் காலைல ஆறரைக்கு வரணும்.

லென்ஸா காத்தான்னு சந்தேகம் தீரலன்னா ஒரு டெஸ்ட் இருக்கு, காசு செலவில்ல. ரோட்டோர மைல்கல்ல பாத்து இருபது மீட்டர்ல வண்டிய நிறுத்துங்க. அந்த ஊர்ப்பேர் எழுத்து மேல போகஸ் வச்சு பத்து படம் எடுங்க, ஒவ்வொரு தடவையும் போகஸ் புதுசா பண்ணுங்க. வெயிலடிக்கறப்ப ஒருதடவை, மறுநாள் விடியக்காலம் ஒருதடவை. பத்துல ரெண்டு நல்லா இருந்து மீதி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நெளிஞ்சிருந்தா காத்து. விடியக்காலமும் பத்துமே ஒரே மாதிரி மங்கலா இருந்து, கல்லுக்கு முன்னாடி இருக்கற புல்லோ பின்னாடி இருக்கற புல்லோ ஷார்ப்பா இருந்தா போகஸ் தள்ளி விழுது. டிஎஸ்எல்ஆரா இருந்தா ஃபைன் ட்யூன்னு மெனுவுல ஒண்ணு இருக்கும், அதுல சரி பண்ணலாம், மிரர்லெஸ்ல இந்தத் தொந்தரவு பெரும்பாலும் வராது. புல்லும் மங்கல் கல்லும் மங்கல்னா முன்னாடி மாட்டியிருக்கற யூவி ஃபில்டரக் கழட்டிட்டு இன்னொருதடவை எடுங்க, ஐந்நூறு ரூவா ஃபில்டர் பெரிய லென்ஸ நாசம் பண்றத நிறைய தடவை பாத்துட்டேன்.

ஒரே பக்கமா இழுத்த மாதிரி, விளிம்பு ரெட்டையா தெரியுது

இது காத்து இல்ல, ஆட்டம். என்ஜின் ஓடுது, இல்லன்னா பின் சீட்ல யாரோ சிப்ஸ் பாக்கெட் எடுக்கறாங்க. காருக்குள்ள ட்ரைபாட் வேலைக்கு ஆகாது, பீன் பேக் போதும், அதையும் வாங்க வேணாம், பழைய ஜீன்ஸ் பேண்ட் கால வெட்டி ரெண்டு பக்கமும் தச்சு உள்ள நெல்லு போட்டுடுங்க. ராகி போட்டேன், ஆறு மாசத்துல வண்டு வந்துடுச்சு. உமி ரொம்ப லேசு, அமுங்கி ஒக்காராது. கண்ணாடிய முக்கால்வாசி இறக்கி அது மேல பையப் போட்டு லென்ஸ வச்சு மேல கையால அமுக்கிப் புடிங்க. இப்படி வச்சா ஒக்காந்திருக்கற பறவைக்கு ஷட்டர் 500-ல ஒண்ணே தாராளம். ஸ்டெபிலைசர் ஆன்ல ஒருதடவை ஆஃப்ல ஒருதடவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க, பை மேல வச்சப்புறம் சில லென்ஸுக்கு ஆஃப்தான் நல்லா வரும்.

பறவை மங்கல், பின்னாடி இருக்கற மரம் ஷார்ப்பு

ஏரியா போகஸ்ல விட்டிருப்பீங்க. கம்பி, கிளை, முள்ளு நடுவுல ஒக்காந்திருக்கறதுக்கு ஒத்தைப் பாயிண்ட் போட்டு நெஞ்சுல வைங்க, கண்ணு தனியாத் தெரிஞ்சா கண்ணுல. புது கேமராவுல பறவைக் கண்ணு தேடுற வசதி இருக்கு, நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா வெள்வேல முள்ளுக்குள்ள ஷிக்ரா, நம்ம ஊர்ல வல்லூறுன்னும் வைரின்னும் சொல்லுவாங்களே அது, ஒக்காந்திருந்தா அந்த வசதி குழம்பிப்போய் முள்ளப் புடிக்கும். லென்ஸ்ல போகஸ் லிமிட் சுவிட்ச் இருந்தா தூரத்துக்கு மட்டும்னு தள்ளி வைங்க, கிட்டத்துல இருந்து அனந்தம் வரைக்கும் தேடிக்கிட்டு நிக்காது.

பறக்கறது கரிக்கட்டையா வருது

கேமரா மீட்டர் பாக்கறது எல்லாத்தையும் நடுத்தர சாம்பல் நிறமாக் கொண்டுவரத்தான். பெரிய வெளுத்த வானத்துல சின்னதா ஒரு பருந்து இருந்தா, வானத்த சாம்பலாக்கறேன்னு பருந்தக் கருக்கிடும். மேகம் மூடின வெள்ளை வானம்னா ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட்டணும், நல்ல நீல வானம் சூரியன் உங்க முதுகுப் பக்கம்னா அரை ஸ்டாப் போதும். ஆனா இந்தக் கூட்டல் கழித்தல் விளையாட்டே வேணாங்கறது என் கருத்து, பருந்து மேல இருந்து இறங்கி மலைக்கு முன்னாடி வந்தா மீட்டர் மாறிடும், அதே கூட்டல் இப்போ படத்த வெளுத்துடும். பறவை மேல விழுற வெயில் மாறலையே, அப்புறம் எதுக்கு எக்ஸ்போஷர் மாறணும். மேனுவல்ல போடுங்க. நல்ல வெயிலுக்குப் பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒண்ணு இருக்கு, லென்ஸ் துவாரம் எஃப் 16-ல இருந்தா ஷட்டர் எண் ஐஎஸ்ஓவுக்கு, அதாவது சென்சாரோட ஒளி உணர்வு எண்ணுக்குச் சமம். ஐஎஸ்ஓ 400-ன்னா எஃப் 16-க்கு 400-ல ஒண்ணு, எஃப் 8-க்கு 1600-ல ஒண்ணு, எஃப் 5.6-க்கு 3200-ல ஒண்ணு. கடைசியா சொன்னது பறக்கற பருந்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாருங்க. காலைல எட்டு மணிக்கு முன்னாடி வெயில் அவ்வளவு வலு இல்ல, ஐஎஸ்ஓவ 800, 1000-னு ஏத்திக்கங்க. அடிவயிறு இன்னும் கருப்பா இருந்தா கொஞ்சம் கூட்டிக்கங்க, நிழல் பக்கம்தானே நமக்குத் தெரியுது.

வெள்ளை நெஞ்சு சுண்ணாம்படிச்ச மாதிரி

கருந்தோள் பருந்துக்கும், செம்பருந்து தலைக்கும் வர்ற பிரச்சனை. முக்கால் ஸ்டாப் கொறைங்க. கேமரா காட்டற வெளிச்ச வரைபடம், அதான் ஹிஸ்டோகிராம், அதுல வலது ஓரம் முட்டக்கூடாது, அவ்வளவுதான்.

கண்ணு செத்த கண்ணு மாதிரி, மூஞ்சி பூரா நிழல்

இது கேமராவுல தீராது, நீங்க ரோட்டுல எந்தப் பக்கம் போனீங்கங்கறதுல இருக்கு. நம்ம நாட்டுல வண்டி இடது பக்கம் போகும், ஓட்டுறவர் வலது பக்கம் ஒக்காந்திருப்பார். அவர் கண்ணாடி வழியா எடுத்தா எதிர்ல வர்ற வண்டியெல்லாம் நடுவுல, தார் சூடும் நடுவுல. அதனால வேற ஒருத்தர ஓட்டச் சொல்லிட்டு நீங்க பின்னாடி இடது சீட்ல ஒக்காருங்க. இப்போ கணக்கு ரொம்ப சுலபம்: காலைல வடக்கப் பாத்து போனா உங்க இடது கை மேற்கு, சூரியன் முதுகுக்குப் பின்னாடி கிழக்க. சாயங்காலம் தெக்கப் பாத்து போனா இடது கை கிழக்கு, சூரியன் மேற்க. காங்கயம் தாராபுரம் ரோடு கிட்டத்தட்ட வடக்கு தெக்காவே போறதால, விடியக்காலம் தாராபுரத்துல டீ குடிச்சுட்டு காங்கயம் பாத்து வாங்க, சாயங்காலம் காங்கயத்துல இருந்து தாராபுரம் போங்க. நான் ரெண்டு வருசம் இத மாத்தித்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன், வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துல இருந்து கிளம்பறதுதானே பழக்கம்.

காங்கயம் வெள்ளக்கோயில் மாதிரி மேற்கு கிழக்கா போற ரோடுன்னா, மார்கழி தையில சூரியன் தெக்க சாஞ்சுதான் போகும், அதனால வெள்ளக்கோயில் பாத்து போனா இடது பக்கம் வடக்கு, வெளிச்சம் நல்லா விழும்.

வாலு மட்டும் கிடைக்குது, இல்லன்னா வெறும் கம்பி

பறக்கறதுக்கு முன்னாடி பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் பறக்கும், நாமதான் கவனிக்கறதில்ல. எச்சம் போடும், உடம்ப முன்னாடி சாய்க்கும், தலைய மேலயும் கீழயும் ஆட்டி தூரம் அளக்கும். எச்சம் போட்டதும் பட்டன அழுத்திப் புடிச்சுடுங்க, நாலு தடவைல மூணு தடவை சரியா இருக்கும். காத்து எங்க இருந்து வருதோ அதப் பாத்துத்தான் கிளம்பும், அதனால முன்னாடியே அந்தப் பக்கம் ஃப்ரேம்ல இடம் விட்டு வைங்க, டைட்டா வச்சா ரெக்கை வெட்டுப்படும். காத்து உங்களுக்குப் பின்னாடி இருந்து வந்தா பறவை உங்களப் பாத்துக் கிளம்பும், அதுதான் யோகம். பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி நடந்ததையும் சேத்து வைக்கற கேமரா இப்போ வருது, இருந்தா அத ஆன் பண்ணிக்கங்க. ஆரம்பத்துல பழகறதுக்குக் கருந்தோள் பருந்துதான் நல்லது, அந்தரத்துல ஒரே எடத்துல ரெக்கையடிச்சு நிக்கும், உங்களுக்கு நேரம் குடுக்கும். ஷிக்ரா குடுக்காது.

ரெக்கை வளைஞ்சிருக்கு, கரண்ட் கம்பம் சாஞ்சு நிக்குது

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்ல எடுத்தீங்க. சென்சார் வரிவரியா படிக்கறதுக்குள்ள எல்லாம் நகந்துடுது. பறக்கறதுக்கு மெக்கானிக்கல் போடுங்க, ஒக்காந்திருக்கறதுக்கு சைலண்ட் இருக்கட்டும்.

படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பருந்து ஈ மாதிரி

ஃபுல் ஃப்ரேம்ல 500 எம்எம் போட்டு முப்பது மீட்டர் தூரத்துல எடுத்தா ஃப்ரேமோட உயரம் கிட்டத்தட்ட ஒண்ணரை மீட்டர் இடத்தக் காட்டும். கருந்தோள் பருந்து ஒரு அடி பறவை, ஃப்ரேம்ல கால்வாசி கூட வராது. நூறு மீட்டர்னா ஃப்ரேம் உயரம் அஞ்சு மீட்டர் ஆயிடும், அப்புறம் ஈதான். இதுக்குப் பெரிய லென்ஸ் வாங்கறத விட மேல முதல்ல சொன்னத இன்னொருதடவை படிச்சுட்டு இருபது மீட்டருக்குப் போறது லாபம். க்ராப் சென்சார் வச்சிருக்கறவங்க கவலப்பட வேணாம், இந்த வேலைக்கு அது வசதிதான். கிட்ட வரவைக்கறேன்னு எலி கட்டறது கறித்துண்டு போடறது மட்டும் செய்யாதீங்க, ரோட்டோரம் இறங்கிப் பழகுன பருந்து வண்டில அடிபட்டுத்தான் சாகும்.

ரெண்டு மணி நேரம் சுத்தியும் ஒண்ணும் கண்ணுல படல

லேட்டா போனீங்க. காலைல மண்ணு சூடாகற வரைக்கும் பெரிய கழுகுங்க மரத்துல ஒக்காந்திருக்கும், சூடாகி வெப்பக்காத்து மேல கிளம்புனதும் அதுல ஏறி வட்டமடிச்சு புள்ளியா போயிடும், அப்புறம் கழுத்து வலிதான் மிச்சம். அப்படி ஆயிட்டா ட்ராக்டர் உழுற காடு தேடுங்க, கொக்கு கூட்டம் தெரியற எடத்துல கரும்பருந்தும் வரும். பூனைப்பருந்து வெளிநாட்டுல இருந்து புரட்டாசி ஐப்பசிக்கு வந்து பங்குனி வாக்குல திரும்பிடும், சித்திரைல தேடுனா கெடைக்காது.

ஆளுங்க வந்து விசாரிக்கறாங்க

பெரிய லென்ஸ ஜன்னல்ல நீட்டிக்கிட்டு ஒருத்தரோட காட்டுக்கு முன்னாடி அரைமணி நேரம் நின்னா யாருக்கும் சந்தேகம் வரும். இந்தப் பக்கம் உயர்மின் கோபுரம் காட்டுக்குள்ள வருதுன்னு விவசாயிங்க போராடுன ஊருங்க இருக்கு, அதனால முதல் கேள்வியே, "ஏனுங் தம்பி, லைன் அளக்க வந்தீங்களா?"ன்னுதான் வரும். முகத்தத் திருப்பாம, "இல்லீங்ணா, பருந்து படம் புடிக்கறேனுங்"னு சொல்லி கேமரா ஸ்க்ரீன்ல ஒரு படத்தக் காட்டுங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேர் சிரிச்சுட்டு, "அட இதுக்கா, எங்க கெணத்து மேட்டுப் பனைமரத்துல ஜோடியா இருக்குதுங், வாங்க"ன்னு கூட்டிட்டே போவாங்க. எனக்குக் கெடைச்ச நல்ல எடத்துல பாதி இப்படிக் கெடைச்சதுதான்.

முதுமலை பக்கம் தெப்பக்காடு மசினகுடி ரோட்டுல இதெல்லாம் செல்லாது, காட்டுக்குள்ள வண்டிய நிறுத்தறதே தப்பு, ஃபைன் போடுவாங்க, குடுமிப் பாம்புக்கழுகு எவ்வளவு கிட்ட ஒக்காந்திருந்தாலும் ஓட்டிக்கிட்டே போயிடுங்க. ஹைவேல நிறுத்துறதா இருந்தா வெள்ளைக் கோட்டுக்கு வெளிய மண்ணுல இறக்கி, நாலு இண்டிகேட்டரும் போட்டுட்டு.

தலைக்கு மேலயே கத்திக்கிட்டு சுத்துது

நல்ல ஷாட்டுன்னு சந்தோசப்படாதீங்க, பக்கத்துல கூடு இருக்கு. நீங்க நிக்கற வரைக்கும் அது முட்டைக்கோ குஞ்சுக்கோ திரும்பாது, அந்த நேரத்துல காக்கா புகுந்துடும், வெயில்ல முட்டை வீணாப்போகும். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு பண்றது 1972 வனவிலங்குச் சட்டத்துல வேட்டைங்கற கணக்குல வருது. வண்டிய எடுத்துக்கிட்டு கிளம்பிடுங்க, எந்த மரம்னு யாருக்கும் சொல்லவும் வேணாம்.

படம் சூப்பர், என்ன பறவைன்னு தெரியல

மூஞ்சிய மட்டும் க்ளோசப்பா எடுத்தா இப்படித்தான் ஆகும். கரும்பருந்துக்கு வால் நடுவுல வெட்டுன மாதிரி கவையா இருக்கும், செம்பருந்துக்கு வட்டமா இருக்கும், இளசு செம்பருந்து பழுப்பா இருந்து ஆள ஏமாத்தும்போது வாலுதான் காப்பாத்தும். வெள்ளை அடிவயிறு, பெரிய தலை, ஆந்தை மாதிரி மஞ்சக்கண்ணு, அந்தரத்துல நின்னு பாக்குதுன்னா பாம்புக்கழுகு (மேல சொன்ன குடுமி வகை இல்ல, வேற). பூனைப்பருந்துல சாம்பல் ஆணுக்கு ரெக்கை மேல்பக்கம் கருப்புக் கோடு இருந்தா மாண்டேகு பூனைப்பருந்து, கோடு இல்லாம நுனில மட்டும் கருப்பு ஆப்பு மாதிரி இருந்தா வெளிறின பூனைப்பருந்து. பொண்ணு ரெண்டும் பழுப்பு, கழுத்துல வெளிர் பட்டை தெரியுதான்னு பாக்கணும், அதுக்கும் பக்கவாட்டுப் படம் வேணும். அதனால போற போக்குல பின்னாடி திரும்பிப் பறந்தாலும் கேமராவ இறக்காதீங்க, ரெக்கை மேல்பக்கம் ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணு, வால் விரிச்சது ஒண்ணு, மங்கலா இருந்தாலும் அழிக்காம வைங்க.